குருத்து செல்களை வளர்ப்போம்! – முக்கொம்பு சொல்லித் தந்த பாடம்

(மூன்றாம் ஆண்டு, கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பிரிவு)



நம் பேரவைச் சுற்றுலாவில் முக்கொம்பு போனோமே, ஞாபகம் இருக்கிறதா? புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே பாதிப் பேர் மதகுப் பாலத்தின் மேல் ஏறிவிட்டோம். அப்போது முதலாண்டுத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, காவிரி இங்கே வந்து ரெண்டாப் பிரியுதே, எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணி போகணும்னு யார் முடிவு பண்றாங்க?"

சிவில் பிரிவு நண்பர் ஒருவர் பதில் சொன்னார். "தண்ணிக்குப் பள்ளம்தான்டா தெரியும். கொள்ளிடத்தோட படுகை தாழ்வு. சும்மா விட்டா எல்லாத் தண்ணியும் அந்தப் பக்கம் ஓடிடும். காவிரி காஞ்சு போகும், தஞ்சாவூர் வயலும் காஞ்சு போகும். அதனாலதான் 1836-ல ஆர்தர் காட்டன் இங்கே மேலணை கட்டினாரு. மதகு இருந்தாத்தான் ஆறு ரெண்டு பக்கமும் உயிரோட இருக்கும்."

இந்தப் பதிலை நான் அப்போது சாதாரணமாகத்தான் கேட்டுக் கொண்டேன். பிறகு வேறு ஒரு விஷயத்தைப் படித்துப் புரிந்து கொள்ள முயன்றபோது அதுதான் கை கொடுத்தது. அந்த விஷயம்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் வெள்ளையடிக்கும் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் சுண்ணாம்பு கரைக்கும்போது கொதித்துத் தெறித்து ஒரு கண்ணில் விழுந்துவிட்டது. தானமாகக் கிடைத்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். சில மாதம் பார்வை தெரிந்தது. பிறகு மறுபடியும் வெள்ளை படர்ந்துவிட்டது. "உங்க கண்ணுல ஸ்டெம் செல் செத்துப் போச்சு. நல்ல கண்ணுலேர்ந்து கொஞ்சம் எடுத்து வளர்த்து வைக்கணும்" என்றாராம் டாக்டர். அண்ணன் என்னிடம் வந்து கேட்டார்: "ஏம்ப்பா, நீ படிக்கிற பையன். இருக்கற ஒரு கண்ணுலயும் கத்தி வைக்கச் சொல்றாங்களே, இது சரியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதனால் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

1. ஸ்டெம் செல் என்றால் என்ன?

நம் உடம்பில் உள்ள பெரும்பாலான செல்களுக்கு ஒரே வேலைதான். தோல் செல் மூடிக் காக்கும், சிவப்பணு ஆக்சிஜன் சுமக்கும். வேலை முடிந்ததும் செத்துவிடும். காலியான இடத்தை நிரப்ப ஆள் வேண்டுமே? அதற்காக ஒதுக்கி வைக்கப்பட்ட செல்கள்தான் ஸ்டெம் செல்கள். வாழைக்குக் குருத்து போல உடம்புக்கு இவை. அதனால் தமிழில் குருத்து செல் என்கிறோம்.

இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, தன்னைப் போலவே இன்னொரு குருத்து செல்லை உண்டாக்கும். இரண்டு, வேலை செய்யும் செல்லாக மாறக் கூடிய வாரிசையும் உண்டாக்கும். முக்கொம்பில் ஆறு பிரிகிற மாதிரி! ஒரு கிளை குருத்தாகவே ஓடும் காவிரி. இன்னொரு கிளை வேலைக்குப் போய்த் தீர்ந்துவிடும் கொள்ளிடம். உடம்புக்குள் இந்த இரண்டுக்கும் இடையே மதகு ஒழுங்காக வேலை செய்கிறது. செல்லை வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் போட்டால் மதகு இல்லை. பள்ளத்தைப் பார்த்து ஓடும் தண்ணீர் போல எல்லாச் செல்களும் 'வேலைக்கு'ப் போய்விடும். குருத்து மிஞ்சாது. சோதனைச்சாலையில் ஸ்டெம் செல் வளர்ப்பதில் உள்ள கஷ்டமே இதுதான்.

2. கண்ணில் குருத்து எங்கே இருக்கிறது?

கண்ணாடி முன் நின்று பாருங்கள். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் இடத்தில் ஒரு வளையம் தெரியும். அதற்கு லிம்பஸ் என்று பெயர். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் குருத்து செல்கள் இந்த வளையத்தில்தான் குடியிருக்கின்றன என்பது 1980-களில் நடந்த ஆய்வுகளில் தெரிய வந்தது. சுண்ணாம்போ அமிலமோ பட்டு இந்த வளையம் வெந்துவிட்டால், பக்கத்தில் உள்ள வெள்ளை விழியின் தோல் ரத்தக் குழாய்களோடு கருவிழி மேல் ஏறிவிடும். பார்வை மறைந்துவிடும். அந்த நிலையில் புதுக் கருவிழி வைத்தாலும் நிலைக்காது. ஏன்? வயலைப் புதுசாக உழுதுவிட்டோம், ஆனால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

சரி, நல்ல கண்ணின் வளையத்திலிருந்து வெட்டி எடுத்து வைக்கலாமே? 1989-ல் அமெரிக்க மருத்துவர்கள் கென்யனும் செங்கும் அப்படிச் செய்து வெற்றியும் கண்டார்கள். ஆனால் நல்ல கண்ணிலிருந்து பெரிய துண்டாக வெட்ட வேண்டியிருந்தது. இருக்கிற கண்ணுக்கும் ஆபத்து வரலாமே! அண்ணனின் பயம் அர்த்தமில்லாத பயம் அல்ல.

இங்கேதான் வளர்ப்பு முறை வருகிறது. கடுகளவு எடுத்துத் தட்டில் வளர்த்து, தேவையான அளவுக்குப் பெருக்கிக் கொண்டால் நல்ல கண் தப்பிக்கும். 1997-ல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே டி லூக்கா குழுவினர் இரண்டு நோயாளிகளுக்கு இப்படிச் செய்து காட்டினார்கள்.

3. எவ்வளவு நாளில் எவ்வளவு வளரும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். n முறை பிரிந்தால் 2-ன் n-ஆம் அடுக்கு. நம்மிடம் 1 லட்சம் செல் இருக்கிறது, 10 கோடி வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 1000 மடங்கு. 2-ன் 10-ஆம் அடுக்கு 1024. ஆக 10 முறை பிரிந்தால் போதும். ஒரு முறை பிரிய 30 மணி நேரம் என்று வைத்தால் 300 மணி, அதாவது பன்னிரண்டரை நாள்.

"அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். காகிதத்தில் சுலபம்தான். ஆனால் இந்தக் கணக்கு எல்லாச் செல்லும் பிழைக்கும், எல்லாச் செல்லும் குருத்தாகவே இருக்கும் என்று எடுத்துக் கொள்கிறது. இரண்டுமே நடப்பதில்லை. செல்லுக்கு ஆயுளும் உண்டு. சாதாரண மனிதச் செல் ஏறத்தாழ 50 முறை பிரிந்த பிறகு நின்றுவிடும் என்று 1961-ல் ஹேஃப்ளிக் காட்டினார். ஆகவே வேகம் மட்டும் போதாது. குருத்துத்தன்மை போகாமல் வளர்க்க வேண்டும்.

4. வளர்ப்பை எப்படி மேம்படுத்தினார்கள்?

(அ) சாப்பாடு: செல்லுக்கு உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின் கலந்த திரவம் வேண்டும். அதோடு கன்றின் ரத்த சீரம் சேர்ப்பது பழைய வழக்கம். 1975-ல் ரைன்வால்டும் கிரீனும் தோல் செல்லை வளர்க்க, பிரியாதபடி கதிர்வீச்சால் நிறுத்தி வைத்த எலிச் செல்களைத் தட்டின் அடியில் பரப்பினார்கள். அவை தாதி மாதிரி. தாம் பெருகாது, பக்கத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்கும். நல்ல முறைதான். ஆனால் மாட்டின் பொருளும் எலியின் பொருளும் மனிதக் கண்ணுக்குள் போகலாமா? கிருமி வருமோ, ஒவ்வாமை வருமோ என்ற கவலை உண்டு. அதனால் நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்தே சீரம் எடுப்பது, சேர்மானம் முழுவதும் தெரிந்த திரவத்தைப் பயன்படுத்துவது என்று முன்னேறினார்கள்.

(ஆ) காற்று: நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். எலும்பு மஜ்ஜைக்குள் அது மிகவும் குறைவு. குருத்து செல்லுக்கு அந்தக் குறைவுதான் பழக்கம். ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பல வகைக் குருத்து செல்கள் மாறாமல் நீடிக்கின்றன. அதிகம் கொடுத்தால் நல்லது என்று நாம் நினைப்போம், செல் அப்படி நினைப்பதில்லை!

(இ) படுக்கை: செல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். 2006-ல் எங்ளர், டிஷர் குழுவினர் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை வெவ்வேறு கெட்டித்தன்மை கொண்ட ஜெல் மேல் வளர்த்தார்கள். மூளை போல மெத்தென்ற ஜெல்லில் நரம்புச் செல்லின் சாயல் வந்தது. தசை போன்றதில் தசைச் சாயல். கெட்டியானதில் எலும்புச் சாயல். மெக்கானிக்கல் நண்பர்களே, நீங்கள் படிக்கும் மீள்தன்மை எண் செல்லின் தலைவிதியையே மாற்றுகிறது! கண் செல்களுக்குப் பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வு நல்ல படுக்கை. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் மெபியோல் ஜெல் என்ற பொருளில் லிம்பஸ் செல்களை வளர்த்து முயல்களில் வைத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். இந்த ஜெல் குளிரில் திரவம், சூட்டில் கெட்டி. நம் வீட்டு நெய்க்கு நேர் எதிர்! குளிர வைத்தால் செல்லைச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம்.

(ஈ) மதகு மருந்துகள்: செல் மாறிவிடாமல் தடுக்கும் சிறு மூலக்கூறுகளைச் சேர்ப்பது இன்னொரு வழி. தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் உண்டு, ஆனால் ஒரு பெரிய ஆளுக்குப் போதாது. வைட்டமின் பி3-ன் ஒரு வடிவமான நிகோடினமைடு சேர்த்து வளர்த்தால் குருத்துத்தன்மை காக்கப்படுகிறது. இப்படித் தயாரான ஒமிடுபிசெல் என்ற சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2023 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. ஒரு வைட்டமின் மதகு வேலை பார்க்கிறது என்றால் பாருங்களேன்!

5. எண்ணிக்கையா, தரமா? – மதுரையின் பங்கு

தட்டு நிறையச் செல் வளர்ந்துவிட்டது. டாக்டருக்கும் சந்தோஷம், நோயாளிக்கும் சந்தோஷம். ஆனால் அதில் உண்மையான குருத்து எத்தனை?

இத்தாலியக் குழு 2010-ல் 112 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. செல்லுக்குள் பி63 என்ற புரதம் பிரகாசமாகத் தெரிந்தால் அது குருத்து என்று கணக்கு வைத்தார்கள். பெருகும் திறன் உள்ள செல்களில் 3 சதவீதத்துக்கு மேல் அப்படிப்பட்டவை இருந்த தட்டுகளில் 78 சதவீதம் வெற்றி. 3 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தவற்றில் 11 சதவீதம்தான் வெற்றி! தட்டு நிறைந்திருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, அந்த 3 சதவீதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த அடையாளம் காணும் வேலையில் நம் மதுரைக்கும் பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை. அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன் குழுவினர் 2005-ல் ஒரு முறையைச் சொன்னார்கள். பி63 மட்டும் பார்த்தால் போதாது, வளரும் செல்லிலும் அது தெரியும். அதோடு செல்லின் பரப்பில் கரு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்றும் அளக்க வேண்டும். பி63 அதிகம், கருவும் பெரிது என்றால் குருத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே அளவீட்டை நம்பாதே, இரண்டு அளவீட்டைச் சேர்த்துப் பார் என்று நம் கருவியியல் ஆசிரியர் சொல்வதும் இதைத்தானே?

6. ஹைதராபாத் காட்டிய வழி

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் விரேந்தர் சங்வான், டாக்டர் கீதா வேமுகந்தி குழுவினர் 2001 முதல் இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். நல்ல கண்ணிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் துண்டு. அதைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பனிக்குடச் சவ்வின் மேல் வைப்பார்கள். எலிச் செல் கிடையாது. 10 முதல் 14 நாளில் செல்கள் படர்ந்துவிடும். சவ்வோடு எடுத்துக் கண்ணில் வைப்பார்கள். 200 நோயாளிகளில் 71 சதவீதம் பேருக்கு வெற்றி என்று 2011-ல் வெளியிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. இரண்டு வாரம் இன்குபேட்டரில் வைக்கிறோமே, வெப்பமும் ஈரமும் கண்ணிலேயே இருக்கிறதே என்று யோசித்தார்கள்! அதே சின்னத் துண்டை நறுக்கி, பனிக்குடச் சவ்வு போர்த்திய கண்ணின் மேலேயே பசை கொண்டு ஒட்டிவிட்டார்கள். செல்கள் கண்ணிலேயே படர்ந்தன. 2012-ல் இதை வெளியிட்டார்கள். 2016-ல் வந்த அறிக்கையில் 125 நோயாளிகளில் 76 சதவீதம் பேருக்கு வெற்றி. கோடிக்கணக்கில் செலவாகும் சோதனைச்சாலை இல்லாத ஊரிலும் இதைச் செய்யலாம்.

அப்படியானால் சோதனைச்சாலை வேண்டாமா? வேண்டும். இரண்டு கண்ணும் வெந்தவருக்கு நல்ல கண் எங்கே இருக்கிறது? அவருக்கு வாய்க்குள் உள்ள தோலை வளர்த்து வைக்கும் முறையை ஜப்பானின் நிஷிதா குழுவினர் 2004-ல் காட்டினார்கள். அதே குழு 2019-ல், யமனாகா கண்டுபிடித்த ஐபிஎஸ் செல்லிலிருந்து கருவிழித் தோலை உருவாக்கி நோயாளிக்கு வைத்தது. இதற்கெல்லாம் வளர்ப்புத் தட்டு இல்லாமல் முடியாது.

ரத்தத்திலும் அப்படியே. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. அங்கு டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர், ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, குறைந்த மரபணுவைச் சேர்த்து, திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்குமே ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியானது. திருச்சியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இது நடந்திருக்கிறது!

7. டிப்ளமோ படிக்கும் நமக்கு இதில் என்ன வேலை?

"இதெல்லாம் டாக்டருங்க சமாச்சாரம் மச்சான்" என்று சொல்லாதீர்கள். அந்த இன்குபேட்டரைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். வெப்பம் 37 டிகிரி, சிறிது ஏறினாலும் செல் வதங்கும். கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம், அதுவும் திரவத்தில் உள்ள பைகார்பனேட்டும் சேர்ந்துதான் பிஎச் அளவை 7.4-க்குப் பக்கத்தில் பிடித்து வைக்கிறது. திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கும். சிவப்பாக இருந்தால் சரி, மஞ்சளானால் அமிலம் ஏறிவிட்டது, ஊதா ஓடினால் வாயு போதவில்லை. ஈரம் 95 சதவீதம். காற்றை வடிகட்டும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் தூசியில் 99.97 சதவீதத்தை நிறுத்த வேண்டும். செல்லைச் சேமிக்க நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்க வேண்டும்.

இதில் எது நம் பாடத்தில் இல்லை? சென்சார், கன்ட்ரோலர், வால்வு, மின்தடை வந்தால் உடனே எடுத்துக் கொள்ளும் மாற்று மின்சாரம், அளவீட்டுக் கருவிகளின் காலமுறைச் சரிபார்ப்பு. எல்லாம் நம்ம வேலைதான்! ஒரு சென்சார் பொய் சொன்னால் ஒருவரின் இரண்டு வார நம்பிக்கை குப்பைக்குப் போகும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக் கொண்டு போனதை மறந்திருக்க மாட்டோம். மதகு இருக்கிறது என்பது மட்டும் போதாது, அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

8. இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது: ஸ்டெம் செல் என்ற பெயரைச் சொல்லி எல்லா நோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, குறிப்பிட்ட ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவைதான் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை. மற்றவை ஆய்வாகத்தான் நடக்க வேண்டும். ஆய்வில் சேர நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. வீட்டை அடகு வைத்து ஏமாறாதீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது: கண்ணில் சுண்ணாம்போ, சிமெண்டோ, பேட்டரி அமிலமோ பட்டால் அந்த நிமிடமே சுத்தமான தண்ணீரால் குறைந்தது அரை மணி நேரம் கழுவுங்கள். இமையைப் புரட்டிச் சுண்ணாம்புத் துகள் இருந்தால் எடுங்கள். எண்ணெய், மோர், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். கழுவிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அமிலம் மேலே பொரிந்து நிற்கும், சுண்ணாம்பு கொழுப்பைக் கரைத்து உள்ளே போய்க் கொண்டே இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எந்தச் சோதனைச்சாலையும் வளர்த்துத் தரும் செல்லைவிட, அழியாமல் காப்பாற்றிய செல்லே உயர்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி போடச் சொன்னால் முகம் சுளிக்கும் நண்பர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

முடிவாக

போன மாதம் அண்ணனிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். காகிதத்தில் கண் படம் வரைந்து, வளையத்தைக் காட்டி, எடுக்கப் போவது இவ்வளவுதான் என்று ஒரு புள்ளி வைத்தேன். உத்தரவாதம் கிடையாது, நாலில் மூன்று பேருக்குச் சரியாகியிருக்கிறது என்றும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் புள்ளியையே ரொம்ப நேரம் நல்ல கண்ணால் பார்த்துக் கொண்டிருந்தார். "இவ்வளவுதானா? நான் பாதிக் கண்ணை வெட்டுவாங்கன்னு நெனச்சேன்ப்பா" என்றார். பிறகு, "டாக்டரைப் பார்க்கப் போறப்போ நீயும் கூட வா" என்றார்.

போகத்தான் போகிறேன். தெரியாததைத் தெரிந்து கொண்டு, தெரிந்ததைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்வதும் படித்தவன் கடமைதானே நண்பர்களே! அடுத்த முறை முக்கொம்பு போகும்போது அந்த மதகுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஓடுவது தண்ணீராக இருந்தாலும் செல்லாக இருந்தாலும், பள்ளத்தைப் பார்த்து ஓடுவதைப் பிடித்து நிறுத்தி, தேவைப்படும் இடத்துக்குத் திருப்பிவிடுவதுதான் நம் தொழில்.

வாழ்க நம் பேரவை! வளர்க நம் அறிவு!